அத்தான்ர ஐஞ்சாம் சில்லு

போன ஆவணி அக்கா குடும்பம் கனடாவில இருந்து வந்து எங்களோட மூண்டு கிழமை நிண்டவை. எங்கட இடம் முரசுமோட்டைப் பக்கம், பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில. சரியா சிறுபோகம் வெட்டுற நேரம், வீட்டில ஒருத்தருக்கும் இருந்து கதைக்க நேரமில்லை, அத்தான் பாவம் முத்தத்து வேம்புக்குக் கீழ கதிரையைப் போட்டுக்கொண்டு போனைத் தடவிக்கொண்டு இருப்பார். ஒரு நாள் பின்னேரம் நான் வயலால வந்து கால் கழுவுறன், "மச்சான் இஞ்ச ஒருக்கா வா, ஒரு சாமான் காட்டிறன்" எண்டு கூப்பிட்டார்.

பார்த்தா ஒரு வீடு. சில்லு வச்ச வீடு. உள்ளுக்குக் குசினி, காஸ் அடுப்பு, ஃபிறிஜ், சோபா, மேல்தட்டில ஒரு பெரிய கட்டில், பிள்ளையளுக்கு அடுக்குக் கட்டில், குளிக்கிற அறை. சுவரில ஒரு பக்கம் பட்டனை அமத்தினா அப்பிடியே வெளியால தள்ளிக்கொண்டு போய் அறை பெருக்குது. அவர் இருக்கிறது கல்கரியில, அங்கயிருந்து ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள றொக்கி மலை வந்திடும், கோடையில சனம் எல்லாம் உப்பிடி ஒண்டை இழுத்துக்கொண்டு போய்க் காட்டுக்குள்ள நிக்குமாம்.

அப்பா வந்து எட்டிப் பார்த்தார். "கக்கூசும் உள்ளுக்கோ?"

"ஓம் மாமா."

"அது எங்க போகும்?"

"கீழ ஒரு ராங்கி இருக்கு மாமா, பேந்து அதுக்கெண்டு இருக்கிற இடத்தில கொண்டுபோய்த் திறந்து விடவேணும்."

அப்பா அதுக்கு ஒண்டும் சொல்லேல்ல. காறித் துப்பாம இருந்ததே பெரிய விசயம்.

அத்தான் அதுக்கு முதல் வருசமே ஒரு பிக்கப் எடுத்திட்டார். இப்ப இந்த வீட்டுக்கு முற்காசு கட்டிப்போட்டு வந்திருக்கிறார், திரும்பிப் போனதும் மிச்சத்தைக் கட்டி எடுக்கிறதுதான். இதைத்தான் அங்க ஃபிஃப்த் வீல் எண்டு சொல்லுறது, அதாவது ஐஞ்சாம் சில்லு. அப்பா போனை வாங்கி எண்ணிப் பார்த்தார், ஒரு பக்கம் ரெண்டு, மற்றப் பக்கம் ரெண்டு. "நாலுதானே இருக்கு, ஐஞ்சாவது எங்க?" எண்டார். நல்ல கேள்வி, அத்தானுக்கே தெரியாது. அண்டிரவு நான் தேடிப் பார்த்தன். குதிரை வண்டிக் காலத்தில முன் அச்சு திரும்புறதுக்கெண்டு வண்டிச் சட்டத்துக்குக் கீழ ஒரு வளையத்தைப் படுக்க வச்சிருப்பாங்கள், நாலு சில்லுக்கு மேல அது ஐஞ்சாவது, அந்தப் பேர்தான் பேந்து லொறிக்கும் வந்தது. எங்கட கண்டி ரோட்டில கொழும்பில இருந்து வாற நாப்பது அடிக் கொண்டெய்னர் இருக்கெல்லோ, முன் லொறியின்ர முதுகில எண்ணெய் பூசின ஒரு வட்டத் தட்டு, பின்பெட்டியில இருந்து கீழ நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு தடிச்ச இரும்புப் பின் (pin) வந்து அதுக்குள்ள பூட்டும். அதே சாமான்தான், சின்னனாக்கிப் பிக்கப்பின்ர பெட்டிக்கு நடுவில வைக்கிறாங்கள். வீட்டின்ர முன்பக்கம் மாட்டு மூக்கு மாதிரி உயர்ந்து வந்து பிக்கப்புக்கு மேல ஏறிக் குந்தும். அதுதான் இதுக்கும் மற்ற ட்ரெயிலருக்கும் வித்தியாசம், மற்றது பிக்கப்பின்ர வாலில உருண்டைக் குமிழில கொழுவுறது, இது முதுகில குந்துறது.

அப்பாவைப் பற்றி இஞ்ச கொஞ்சம் சொல்லவேணும். எழுவது தாண்டிட்டுது, இருவது வயசில இருந்து மெசின் ஓடுறவர். மெசின் எண்டா உழவு மெசின்தான், எங்கட பக்கம் ரக்ரர் எண்டு கனபேர் சொல்லமாட்டினம். மாசி ஃபெர்கசன் 135 ஒண்டு இருந்தது, இப்ப 240. அதுக்கு முந்தித் தாத்தாவோட மாட்டு வண்டில். கணக்கு பத்தாம் வகுப்போட முடிஞ்சுது ஆனா பாரக் கணக்கு எண்டா அவரிட்ட ஒருத்தரும் நிக்கேலாது. அவர் அத்தானிட்ட கேட்ட முதல் கேள்வி இழுவை பற்றி இல்லை.

"தம்பி, உந்த வீட்டுப் பெட்டீன்ர முன்பாரம் எவ்வளவு?"

அத்தான் சிரிச்சுக்கொண்டு சொல்லுறார், "மாமா அது பிரச்சினை இல்லை, என்ர பிக்கப் 11,000 இறாத்தல் இழுக்கும், இந்த வீடு 7,200 தான், வித்தவனே சொன்னவன் தாராளம் எண்டு."

"இறாத்தலோ? பாண் மாதிரி?" எண்டுட்டு அப்பா என்னைப் பார்த்தார், நான் போனில அடிச்சுப் பார்த்தன், 11,000 இறாத்தல் எண்டா கிட்டத்தட்ட 4,990 கிலோ, 7,200 எண்டா 3,266 கிலோ. "நான் இழுவையைக் கேக்கேல்ல தம்பி, முன்பாரத்தைக் கேட்டனான். உந்த வீட்டின்ர மூக்கு பிக்கப்பின்ர முதுகில எல்லோ குந்துது, அந்தப் பாரம்."

அத்தானுக்கு விளங்கேல்ல. உண்மையாச் சொன்னா எனக்கும் அண்டைக்கு முழுசா விளங்கேல்ல. இரவு மூண்டு பேரும் லைற்றுக்குக் கீழ இருந்து, கலண்டர்த் தாளின்ர பின்பக்கத்தில கணக்குப் போட்டம். அத்தான்ர மூத்தவன் வந்து ஒருக்காப் பார்த்திட்டு "ஆர் யூ கைஸ் டூயிங் மாத்ஸ்?" எண்டு கேட்டுட்டுப் போட்டான்.

அங்கத்தையக் கணக்கில பிக்கப் மூண்டு சாதி, அரைத் தொன், முக்கால் தொன், ஒரு தொன். எஃப் 150, ராம் 1500, சில்வராடோ 1500 எல்லாம் அரைத் தொன். 250, 2500 எண்டு வந்தா முக்கால். 350, 3500 எண்டா ஒரு தொன். அந்தப் பேர் அந்தக் காலத்தில உண்மையாவே எவ்வளவு ஏத்தலாம் எண்டு வச்ச பேர், இப்ப அரைத் தொன் எண்டாலும் அதைவிடக் கூட ஏத்தும், பேர் மட்டும் அப்பிடியே கிடக்குது. அத்தான்ர அரைத் தொன். எங்கட ஆக்களுக்குச் சொல்லுறதெண்டா, எங்கட டபிள் கப் ஹைலக்ஸை விட நல்லாப் பெரிசு, நாங்கள் பார்த்தா லொறி எண்டு சொல்லுவம், அங்க அது லேசு வாகனம். அக்கா அதிலதான் மரக்கறி வாங்கப் போறவ.

ஓட்டுறவர் பக்கத்துக் கதவைத் திறந்தா நிலையில ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும், ஆக்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல போகக்கூடாது எண்டு. அதுதான் அந்த வாகனத்தின்ர உண்மையான சுமை. ஒரே மொடலா இருந்தாலும் வாகனத்துக்கு வாகனம் மாறும், ஏனெண்டா தோல் சீற்று, மேல்கண்ணாடி, நாலு சில்லும் இழுக்கிற கியர் எண்டு போட்டுப் போட்டு வாகனமே பாரம் கூடினா ஏத்துற பாரம் அந்தளவு குறையும். வடிவான வாகனம் குறையச் சுமக்கும். அத்தான் உடன வட்ஸப்பில ஒரு சிநேகிதனுக்கு அடிச்சார், அங்க காலமை, அவன் போய்க் கதவைத் திறந்து படம் எடுத்து அனுப்பினான். 708 கிலோ.

"பத்தரை மூடை" எண்டார் அப்பா. எங்கட நெல்லு மூடை 66 கிலோ கணக்கு.

இனி மற்றப் பக்கம். விக்கிறவங்கள் சொல்லுற 7,200 இறாத்தல் எண்டது வெறும் வீட்டுப் பாரம், தண்ணி இல்லை, காஸ் இல்லை, பற்றறி கூடச் சிலவேளை இல்லை, சட்டி பானை இல்லை. தண்ணி ராங்கி மட்டும் 190 லீற்றர் பிடிக்கும், ஒரு லீற்றர் ஒரு கிலோ. உடுப்பு, அரிசி, கதிரை, பிள்ளையளின்ர சைக்கிள், அக்காவின்ர இடிச்ச தூள் எண்டு போட்டா 3,800 கிலோவுக்குக் குறையாது. ஐஞ்சாம் சில்லு வீட்டில அதில 15 தொடக்கம் 25 வீதம் வரை அந்தப் பூட்டுற இரும்புப் பின்னில, அதாவது பிக்கப்பின்ர முதுகில இறங்கும், நடுவில 20 எண்டு வைப்பம், 760 கிலோ. அங்கயே 708 தாண்டிட்டுது. இன்னும் அந்தத் தட்டையே கணக்கெடுக்கேல்ல, இரும்புத் தட்டும் காலும் 70 கிலோ வரும். பேந்து அத்தான், அக்கா, பிள்ளையள் ரெண்டு பேர், 260 எண்டு நான் மரியாதையாக் குறைச்சுத்தான் எழுதினன். மொத்தம் 1,090. கிட்டத்தட்ட ஆறு மூடை கூட.

அத்தான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "அப்ப 11,000 இறாத்தல் எண்டது பொய்யே?"

பொய்யில்லை. அதுதான் இதில பேய்க்காட்டுற இடம். அந்த இழுவைக் கணக்குக்கு ஒரு பரீட்சை முறையே இருக்கு, ஜே 2807 எண்டு பேர், அரிசோனாவில டேவிஸ் டாம் எண்ட இடத்தில 18 கிலோமீற்றர் நீட்டு ஏற்றம், கொதிக்கிற வெயிலில ஏசியை முழுசாப் போட்டுக்கொண்டு ட்ரெயிலரை இழுத்து ஏறவேணும், குறிச்ச வேகத்துக்குக் கீழ இறங்கக்கூடாது. இஞ்சின் இழுக்கும், கியர் தாங்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனா அந்தப் பரீட்சையில வாகனத்துக்குள்ள ஓட்டுறவரும் பக்கத்தில ஒராளும்தான், பின்சீற்றில ரெண்டு பிள்ளையும் பெட்டியில கூலரும் இல்லை. இழுக்கிறது ஒரு கணக்கு, சுமக்கிறது வேற கணக்கு. பெரும்பாலும் சுமக்கிற கணக்குத்தான் முதல்ல முடியும், ஆனா விளம்பரத்தில பெரிசாப் போடுறது இழுக்கிற கணக்கை.

அத்தான் இன்னும் முழுசா நம்பேல்ல, அவருக்குத் தன்ர வாகனத்தில ஒரு பாசம். அடுத்த நாள் நாங்கள் எப்பிடியும் மில்லுக்கு நெல்லு கொண்டுபோகவேணும், அப்பா சொன்னார் நீங்களும் வாங்கோ தம்பி எண்டு. 20 மூடை. அப்பா ஆக்களை விட்டு எல்லாத்தையும் மெசின் இழுக்கிற பெட்டியின்ர முன்பக்கத்தில அடுக்குவிச்சார். எனக்கு ஏனெண்டு விளங்கிட்டுது, அத்தானுக்கு விளங்கேல்ல. மில்லில லொறி நிறுக்கிற தராசு இருக்கு, தராசுக்காரப் பெடியன் அப்பாவுக்குத் தெரிஞ்சவன், சனமில்லாத நேரம் எண்டபடியால் விட்டான், ஆனா "ஐயா என்ன விளையாட்டு இது" எண்டு ரெண்டு தரம் கேட்டவன்.

முதல்ல பெட்டியைக் கழட்டிப்போட்டு மெசினை மட்டும் ஏத்தி நிறுத்தம், அப்பாவும் மேல இருந்தார், 1,900 சொச்சம். பேந்து பெட்டியைக் கொழுவி, மெசின்ர சில்லு நாலும் தராசில, பெட்டீன்ர சில்லு ரெண்டும் வெளியில தரையில. 2,400 தாண்டிட்டுது. அதாவது பெட்டீன்ர மூக்கு ஐந்நூறு கிலோவுக்கு மேல மெசினில குந்திக்கொண்டு நிக்குது. மூடையளைச் சமனாப் பரப்பிப்போட்டுத் திருப்பி நிறுத்தா 2,100. கடைசியா எல்லாத்தையும் பின்னுக்குத் தள்ளி அடுக்கி ஆக ஆறுதலா ஏத்தினார். 1,600. பெட்டி இல்லாம மெசின் தனிய நிண்டதை விடக் குறைவு! பின்பாரம் கூடி மூக்கு மேல எழும்பி மெசினைத் தூக்குது. மூண்டு தரமும் அதே 20 மூடைதான்.

மூடை தூக்கின ரெண்டு பெடியளும் பேந்து என்னோட கதைக்கேல்ல. சோடாவும் ரோல்ஸும் வாங்கிக் குடுத்துத்தான் சரிக்கட்டினது.

அத்தான் தராசு மேசையில கையை வச்சுக்கொண்டு நிண்டார். "அப்ப மாமா, பின்னுக்குப் பாரத்தைப் போட்டா முன்பாரம் குறையும்தானே, என்ர வீட்டிலயும் சாமானைப் பின்னுக்கு வச்சா என்ன?" எண்டு கேட்டார். படிச்ச மனுசன், கெட்டிக்காரத்தனமான கேள்விதான். அப்பா சொன்னார், "குறையும். குறைச்சா வாலாட்டும்." உண்மையிலயே அப்பிடித்தான். முன்பாரம் காணாத ட்ரெயிலர் ரோட்டில பாம்பு மாதிரி நெளியும், நெளியத் தொடங்கினா பிறேக் அடிச்சு நிப்பாட்டுறது லேசில்லை. வாலில கொழுவுற ட்ரெயிலருக்கு 10 தொடக்கம் 15 வீதம் முன்பாரம் வேணும் எண்டு சொல்லுறது அதுக்காகத்தான். ஐஞ்சாம் சில்லில அந்த நெளிவு குறைவு, ஏனெண்டா அந்த இரும்புப் பின் இறங்குறது பிக்கப்பின்ர பின்பக்க அக்சிலுக்கு நேர மேல, இல்லாட்டி அதுக்குக் கொஞ்சம் முன்னால. சனம் அதை விரும்புறதுக்கு அதுதான் காரணம், வடிவா நேரா வரும், பெரிய லொறி போற காத்துக்கு அசையாது. நல்ல சாமான்தான், நான் குறை சொல்லேல்ல. ஆனா அந்த நேரா வாறதுக்கு விலை முதுகில ஏறுற பாரம்.

வாலில கொழுவினா வேற கரைச்சல். அக்சிலுக்குப் பின்னால தொங்குற பாரம் தராசுக் கோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். குளக்கட்டு ஏறேக்க நெல்லுப் பெட்டியோட மெசின்ர முன்சில்லு எழும்பப் பார்க்கும், ரெண்டு பெடியளை முன்னுக்கு ஏத்தி இருத்துறது எங்கட ஊரில கண்டிருப்பீங்கள். முன்சில்லு எழும்பினா ஸ்ரியறிங் சும்மா கையில சுத்தும். பிக்கப்பில அந்தளவு எழும்பாது எண்டாலும் முன்ரயர் லேசாகும், பிறேக்கும் திருப்பமும் குறையும். அதுக்கு அங்க வில்லுத் தடி மாதிரி ரெண்டு கம்பி வச்ச ஒரு கொழுக்கி இருக்கு, அது பாரத்தை முன்னுக்கும் ட்ரெயிலர்ச் சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கும். எங்கட ரெண்டு பெடியளின்ர வேலையை அந்தக் கம்பி செய்யுது.

வீட்ட வரேக்க அப்பாவும் அத்தானும் பெட்டியில இல்லை, மெசின்ர மட்காட்டில இருந்தவை, நான் ஓடினன். சத்தத்தில சரியாக் கேக்கேல்ல ஆனா அப்பா 2009 சண்டைக்கால இடம்பெயர்வுக் கதை சொல்லுறார் எண்டு விளங்கிச்சு, அவர் அதைச் சொல்லுறது சரியான குறைவு. அந்தத் தை மாசம் நாங்களும் உந்த ரோட்டாலதான் வெளிக்கிட்டது, முரசுமோட்டையில இருந்து விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், அங்கால. வீட்டுத் தகரம், கதவு, நிலை, தண்ணி மோட்டர், தையல் மெசின், 12 மூடை நெல்லு, எல்லாம் ஒரு பெட்டியில. மேல படங்கு கட்டி, படங்குக்குக் கீழ அம்மம்மா. இரவில பெட்டிக்குக் கீழ பாய் போட்டுப் படுத்தம். அத்தான் அப்ப கனடாவில, அக்காவை இன்னும் கலியாணம் கட்டேல்ல. அம்மா நெல்லு மூடையை முன்னுக்கு அடுக்கிப்போட்டா, கைக்கெட்ட இருக்கட்டும் எண்டு. அப்பா வெளிக்கிட்டுக் கொஞ்சத் தூரம் போய் நிப்பாட்டி, இருட்டுக்க, ரோட்டு முழுக்கச் சனம், எல்லாரும் கத்துறாங்கள் எடு எடு எண்டு, அவர் இறங்கி மூண்டு மூடையைத் தூக்கிப் பின்னுக்கு வச்சிட்டுத்தான் திருப்பி ஏறினவர். நான் ரோச் பிடிச்சுக்கொண்டு நிண்டனான், எனக்கு அப்ப பன்ரெண்டு வயசு, அப்பாவுக்கு விசர் எண்டு நினைச்சன். போற வழியில அக்சில் முறிஞ்சு நிண்ட பெட்டி எத்தினை பார்த்தம். எங்கட பெட்டி மாத்தளன் வரைக்கும் வந்தது. மெசின் பேந்து எடுக்கக்கூடியதா இருந்தது, பெட்டி கிடைக்கேல்ல, இப்ப இருக்கிறது வேற.

அத்தான் அண்டிரவு கனக்கக் கதைக்கேல்ல. சாப்பிடேக்க மட்டும் அக்காவிட்ட "நாங்கள் அந்த வீட்டை ஒருக்கா நிறுத்துப் பார்த்திட்டு எடுப்பம்" எண்டார்.

இன்னும் ஒண்டு இருக்கு, அது பாரம் இல்லை நீளம். அவற்ற பிக்கப் பெட்டி ஐஞ்சரை அடிதான், நாலு கதவு வச்ச அரைத் தொன்னில கனக்க உப்பிடித்தான் வரும், குடும்ப வாகனமும் வேணும் பெட்டியும் வேணும் எண்டா ஏதோ ஒண்டு குறையவேணும்தானே. அக்சிலுக்கு மேல தட்டை வச்சா தட்டுக்கும் ஆக்கள் இருக்கிற அறைக்கும் இடையில இடம் காணாது, ரிவேர்ஸ் எடுக்கேக்க முழுசா ஒடிச்சா வீட்டின்ர மூலை வந்து பின்கண்ணாடியில இடிக்கும். அதுக்கு வழுக்கிப் பின்னுக்குப் போற தட்டு எண்டு ஒண்டு விக்கிறாங்கள், அது சும்மா தட்டை விடப் பாரம் கூட, அந்தப் பாரமும் அதே 708க்குள்ளதான் வரவேணும். ஒண்டைச் சரிக்கட்டப் போனா மற்றது இடிக்குது.

பின் ஸ்பிறிங்குக்கு உதவியாக் காத்துப் பை போடலாம்தானே எண்டு நீங்கள் ஆரும் கேக்கக்கூடும், அத்தானும் கேட்டவர், அவரோட வேலை செய்யிற ஒருத்தர் போட்டிருக்கிறாராம், பின்பக்கம் குந்தாம நேரா நிக்குதாம். நிக்கும். ஆனா கதவு நிலையில உள்ள இலக்கம் மாறாது. அக்சில், ரயர், றிம், சட்டம், பிறேக் எல்லாம் பழசுதான், பை வச்சா வாகனம் நேராத் தெரியும், அவ்வளவுதான். எங்கட ஊரில லாண்ட்மாஸ்ரர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின்ர பெட்டிக்கு ஒரு தகடு கூட வச்சு ஸ்பிறிங் அடிச்சு, கல்லு ஏத்தி, ஒரு மாசத்தில அச்சை முறிச்ச ஆக்கள் எனக்கே மூண்டு பேரைத் தெரியும், அதில ஒராள் என்ர சொந்தக்காரன், பேர் சொல்லமாட்டன். ரயரையும் பார்க்கவேணும், அரைத் தொன்னில கடையால வரேக்க கார் சாதி ரயர்தான் கூடுதலா இருக்கும், சுவர் மெல்லிசு, பாரத்துக்கு நெளியும். லொறி சாதி ரயர் மாத்தினா நெளிவு குறையும், ஆனா அதுக்கும் அந்த ஸ்ரிக்கர் மாறாது.

சரி, அரைத் தொன்னால ஐஞ்சாம் சில்லு இழுக்கவே ஏலாதோ எண்டா, ஏலும். சின்ன வீடு இருக்கு, வெறும் பாரம் 2,500 கிலோ சொச்சத்தில, அதோட சுமை கூட்டி ஓடர் பண்ணி எடுத்த பிக்கப், நீட்டுப் பெட்டி, உள்ளுக்கு ரெண்டு பேர் மட்டும் எண்டா கணக்கு வரும். பிள்ளையள் வளர்ந்து போன வயசாளிகளுக்குச் சரி. நாலு பேர்க் குடும்பமும் அடுக்குக் கட்டிலும் எண்டா முக்கால் தொன், ஒரு தொன் பக்கம் போகவேணும். அரைத் தொன்னுக்கு எண்டே செய்தது எண்டு சொல்லி விக்கிற வீடுகளை நான் நம்பமாட்டன், உங்கட கதவு நிலையில என்ன இலக்கம் எண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?

புரட்டாசியில அத்தான் திரும்பிப் போய் வித்த இடத்தில கேட்டிருக்கிறார், கொழுவிக்கொண்டு போய் ஒருக்கா நிறுத்துப் பார்க்கவேணும் எண்டு. அவங்களுக்கு விருப்பமில்லை, மற்ற ஆக்கள் ஒருத்தரும் உப்பிடிக் கேக்கிறேல்லையே எண்டாங்களாம். கடைசியில விட்டாங்கள், தட்டும் அவங்களே தற்காலிகமாப் பூட்டிக் குடுத்தாங்கள். நெடுஞ்சாலை ஓரம் லொறியள் நிறுக்கிற தராசு, அங்க முன் அக்சில், பின் அக்சில், ட்ரெயிலர் எண்டு தனித்தனிய இலக்கம் வரும், கொஞ்சக் காசுதான். துண்டைப் படம் எடுத்து அனுப்பினார். வெறும் வீடு, ஒரு துளி தண்ணி இல்லை, ஒரு கரண்டி இல்லை, வாகனத்தில அத்தான் மட்டும். இரும்புப் பின்னில 590 கிலோ, தட்டு 70, அத்தான் 90. 750. அக்காவும் பிள்ளையளும் ஏற முதலே 708 முடிஞ்சுது. அப்பா அந்தத் துண்டை என்ர போனில கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு. "வித்தவனிட்ட தராசு இல்லையோ?" எண்டு மட்டும் கேட்டார்.

முற்காசில ஒரு பங்கு போட்டுது. அக்காவுக்கு அது இன்னும் சரியான கோவம், அத்தானோட இல்லை, அவங்களோட. சிநேகிதர் கொஞ்சப் பேர், பிக்கப்பை மாத்தி முக்கால் தொன் எடு எண்டவங்களாம், ஆனா பழசுக்கு இன்னும் காசு கட்டி முடியேல்ல. நான் சொன்னன், வருசத்தில பத்து நாள் மலைக்குப் போறதுக்காக மிச்ச முந்நூற்றைம்பது நாளும் பெரிய லொறியில மரக்கறி வாங்கப் போறதோ எண்டு. அக்கா கை தட்டினா, வீடியோவில கண்டனான்.

இந்த வருசம் வைகாசியில வாலில கொழுவுற ட்ரெயிலர் ஒண்டு எடுத்திருக்கினம், பழசு. சாமானோட 2,300 கிலோ, முன்பாரம் 280 சொச்சம், கம்பிக் கொழுக்கி 40, ஆக்கள் 260. கூட்டினா 580. "மிச்சம் ரெண்டு மூடை இருக்கு மாமா" எண்டு அத்தான் வலு சந்தோசமாச் சொன்னார், இப்ப அவரும் மூடைக் கணக்குத்தான். வெளியால தள்ளுற சுவர் இல்லை, பெரிய கட்டில் இல்லை, கக்கூஸ் மட்டும் இருக்கு. அம்மா சொல்லுறா, மடு மாதா கோயில் திருவிழாவுக்கு அந்தக் காலத்தில மெசின் பெட்டியில போய்க் காட்டுக்குள்ள படங்கு கட்டிக்கொண்டு பத்து நாள் இருந்தனாங்கள்தானே, அப்ப என்ன கட்டிலோ எண்டு. நாங்கள் சைவம், எண்டாலும் ஆவணி 15க்கு மடுவுக்குப் போறது எங்கட பக்கத்தில எல்லாரும்தான்.

போன கிழமை முதல் தரம் வெளிக்கிட்டிருக்கினம். ஒரு ஏரிக்கரையில நிப்பாட்டிப் படம் அனுப்பினவை, பின்னால பனி மூடின மலை, தண்ணி நீலமும் இல்லை பச்சையும் இல்லை அப்பிடி ஒரு நிறம், பிள்ளையள் ரெண்டும் கையைத் தூக்கிக்கொண்டு நிக்குதுகள், அக்கா வடிவாச் சிரிச்சுக்கொண்டு. இஞ்ச அம்மா படத்தை அயலட்டைக்கெல்லாம் காட்டிப்போட்டா. அப்பா வயலால வந்து சேட்டைக் கழட்டிக் கொடியில போட்டுட்டு, போனை வாங்கி, ரெண்டு விரலால படத்தைப் பெருப்பிச்சார். மலையை இல்லை. கீழ, பிக்கப்புக்கும் ட்ரெயிலருக்கும் நடுவில.

"அடிச்சுக் கேள்" எண்டார்.

"அப்பா அங்க இப்ப விடியேல்ல."

"பறவாயில்லை, அடி."

அத்தான் நித்திரைக் குரலில எடுத்தார். அப்பா போனை வாயோட வச்சுக்கொண்டு, "தம்பி, கொழுக்கி பூட்டுக்கு ஒரு சின்ன ஊசி போடவேணுமெல்லோ, படத்தில அது இல்லை" எண்டார். அங்கால கொஞ்ச நேரம் சத்தமில்லை. பேந்து, படம் எடுக்கேக்க கழட்டி வச்சதாம், ஓடேக்க போட்டிருந்ததாம்.

அப்பா சரி எண்டு போனைத் தந்திட்டுக் கிணத்தடிக்குப் போனார். ஒரு அஞ்சு நிமிசத்தில அக்காட்ட இருந்து எனக்கு மெசேச் வருது, இந்தாள் ரோச்சை எடுத்துக்கொண்டு வெளியால போகுது, அப்பா என்ன சொன்னவர் எண்டு.